வக்காலத்தில் கையெழுத்திடுவதற்கு முன்

எனக்கு எழுதிக் கேட்டவர் கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் விவசாயம் செய்பவர். தந்தை காலமான பிறகு, அவர் பெயரில் இருந்த ஏழு மா நஞ்சையில் தனக்கும் பாகம் உண்டு என்று சித்தப்பா கும்பகோணம் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்திருக்கிறார். அம்மா முதல் பிரதிவாதி, சிங்கப்பூரில் இருக்கும் அக்கா இரண்டாம் பிரதிவாதி, கேட்டவர் மூன்றாம் பிரதிவாதி. சம்மன் வந்துவிட்டது. பார்க்கப்போன இடத்தில் வக்கீல் குமாஸ்தா எதுவும் நிரப்பாத மூன்று வக்காலத்து அச்சுத் தாள்களைக் கொடுத்து, "எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாராம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அக்கா அடுத்த தை மாதம்தான் ஊருக்கு வருவார். வெறும் தாளில் கையெழுத்திட்டால் நிலத்தை எழுதிக் கொடுத்ததாகிவிடுமா, அக்காவுக்காகத் தானே கையெழுத்திடலாமா, பிடிக்காவிட்டால் பின்னால் வக்கீலை மாற்ற முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

டெல்டா மாவட்டங்களின் கீழமை நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து, சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். தாக்கலாகும் வக்காலத்துகளைச் சரிபார்ப்பதும், குறை இருந்தால் காரணம் எழுதித் திருப்பி அனுப்புவதும் பல ஆண்டுகள் என் அன்றாட வேலையாக இருந்தன. அந்த அனுபவத்திலிருந்தும், சட்டத்தில் உள்ளதிலிருந்தும் சொல்கிறேன். வழக்கின் தன்மையை, அதாவது அந்த ஏழு மாவில் யாருக்கு எவ்வளவு என்பதை, ஆவணங்களைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

முதலில் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். வக்காலத்து சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம் அன்று. அதை யாரும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்வதில்லை. அதில் ஒட்டப்படுவது நீதிமன்றக் கட்டண வில்லையும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வழக்கறிஞர் சேமநல நிதிக்கான வில்லையும்தான். வகாலத் என்பது அரபுச் சொல், நாமா என்பது பாரசீகச் சொல். இரண்டும் சேர்ந்து, ஒருவர் தமக்காகச் செயல்பட இன்னொருவரை நியமிக்கும் எழுத்து என்று பொருள் தருகின்றன. வக்கீல் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?" என்று வீட்டில் சண்டையில் கேட்கிறோமே, அதே பொருள்தான் நீதிமன்றத்திலும். உங்களுக்காக நின்று பேசவும், உங்கள் சார்பில் மனுக்கள் தாக்கல் செய்யவும், நீதிமன்றம் அனுப்பும் அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ளவும் ஒருவருக்கு நீங்கள் தரும் எழுத்துமூலமான அதிகாரம் அது.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் மூன்றாம் கட்டளையின் 4ஆவது விதி இதைப் பற்றியது. வழக்கறிஞர் நியமனம் எழுத்தில் இருக்க வேண்டும். கட்சிக்காரரோ, அவருடைய அங்கீகரிக்கப்பட்ட முகவரோ, பவர் பத்திரத்தின் மூலம் அதற்கென அதிகாரம் பெற்றவரோ அதில் கையெழுத்திட வேண்டும். அது நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும். அப்படித் தாக்கலான வக்காலத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்துமூலம் முடித்துக்கொள்ளப்படும் வரையிலோ, கட்சிக்காரரோ வழக்கறிஞரோ இறக்கும் வரையிலோ, அந்தக் கட்சிக்காரரைப் பொறுத்தவரை வழக்கின் நடவடிக்கைகள் எல்லாம் முடியும் வரையிலோ நடப்பில் இருக்கும். நீதிமன்றத்தில் பார்க்கும் பெரிய வாதங்கள் அனைத்தும் இந்த ஒற்றைத் தாளின் மேல்தான் நிற்கின்றன. இந்தத் தாள் கோப்பில் இல்லாமல் எவ்வளவு பெரிய வழக்கறிஞரும் உங்களுக்காக ஒரு மனுவில் கையெழுத்திட முடியாது. மூத்த வழக்கறிஞர் என்று நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டவர்கள்கூட வக்காலத்துத் தாக்கல் செய்வதில்லை. வக்காலத்து உள்ள இன்னொரு வழக்கறிஞருடன் சேர்ந்தே அவர்கள் வாதிட வேண்டும்.

சொத்து போய்விடாது என்றேன். ஆனால் வெறும் தாளில் கையெழுத்திடலாம் என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வெவ்வேறு. அச்சடித்த வக்காலத்துப் படிவத்தை ஒரு முறையாவது நிதானமாகப் படித்துப் பாருங்கள். மேலே நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வாதி, பிரதிவாதி பெயர்களுக்கான இடம். அதன் கீழ் வழக்கறிஞரின் பெயருக்கான இடம். பிறகு, மூச்சுவிட இடமில்லாமல் ஓடும் ஒரே நீண்ட வாக்கியத்தில், உங்கள் சார்பாக ஆஜராகவும், வழக்கை நடத்தவும், சமரசம் செய்யவும், வழக்கைத் திரும்பப் பெறவும், நீதிமன்றத்தில் கட்டிய பணத்தையும் தாக்கல் செய்த ஆவணங்களையும் திரும்ப வாங்கவும் அதிகாரம் அளிப்பதாகவும், அவர் செய்வதெல்லாம் நீங்களே செய்ததற்கு ஒப்பாகும் என்று ஏற்பதாகவும் எழுதியிருக்கும். கடைசியில் உங்கள் கையெழுத்து, அதைச் சான்றொப்பம் செய்பவரின் கையெழுத்து, "ஏற்கப்பட்டது" என்று எழுதி வழக்கறிஞர் இடும் கையெழுத்து, அவருடைய முகவரி, வழக்கறிஞர் பதிவு எண். நம் மாநிலத்தில் அந்தப் பதிவு எண் எம்.எஸ். என்று தொடங்கி, ஓர் எண்ணும் பதிவான ஆண்டுமாக எழுதப்படும்.

இந்த இடங்களில் எதை வெற்றாக விட்டாலும் அதை நிரப்பும் கை உங்களுடையதாக இருக்காது. நான் பணியில் இருந்தபோது ஒரு குறுவை நடவுப் பருவத்தில் நடந்தது நினைவில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரே நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள். ஒன்று வரப்புத் தகராறு, இன்னொன்று கைமாற்றுக் கடன். நடவு வேலையை விட்டுவிட்டு அடிக்கடி வர முடியாது என்று ஒரே நாளில் மூன்று நான்கு வெற்று வக்காலத்துகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அலுவலகத்தில் இருந்தவர் கடன் வழக்குக்கான தாளிலும் வரப்பு வழக்கின் எண்ணையே எழுதிவிட்டார். வரப்பு வழக்கின் கோப்பில் அவருக்கு இரண்டு வக்காலத்துகள் இருந்தன, கடன் வழக்கில் ஒன்றுமில்லை; அதில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் ஆள் இல்லாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிட்டது. முழங்கால் வரை சேறு காய்ந்த கால்களோடு பிரிவுக்கு வந்து, "நான்தான் கையெழுத்துப் போட்டேனே சார்" என்று அவர் என் மேசை முன் நின்றதை மறக்க முடியவில்லை. அவர் போட்டது உண்மைதான். எந்த வழக்குக்குப் போட்டார் என்பதுதான் தாளில் இல்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர, தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாட்களே காலவரையறைச் சட்டம் தருகிறது; சம்மன் முறையாகச் சார்வாகாதிருந்தால், அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்படாதிருந்தால் மட்டுமே தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்குத் தொடங்கும். அவருக்குச் சம்மன் சார்வாகியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, தீர்ப்பை நீக்கக் கோரி ஒரு மனு, செலவுத் தொகை என்று ஏறக்குறைய ஓராண்டு அலைந்தார்.

ஆகவே குமாஸ்தா கொடுத்த தாள்களைத் திருப்பிக் கொண்டுபோய், சம்மனைக் காட்டி, நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, கட்சிக்காரர்களின் பெயர், நீங்கள் எத்தனையாவது பிரதிவாதி என்பது, வழக்கறிஞரின் பெயர் ஆகியவற்றை உங்கள் கண்ணெதிரே எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். இதில் யாருக்கும் மனவருத்தம் வரத் தேவையில்லை. நல்ல அலுவலகங்களில் கேட்காமலேயே செய்வார்கள். சம்மனில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதே எழுத்தில் வக்காலத்திலும் இருக்கட்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தாலோ, ஆதார் அட்டையில் வேறு விதமாக இருந்தாலோ, அதை வழக்கறிஞரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். நிரப்பிய தாளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமரசம் பற்றிய வரிதான் பாகப்பிரிவினை வழக்கில் கவனிக்க வேண்டியது. உரிமையியல் வழக்கில் சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், கட்சிக்காரர்கள் அதில் கையெழுத்திட வேண்டும் என்று இருபத்து மூன்றாம் கட்டளையின் 3ஆவது விதி சொல்கிறது. கட்சிக்காரருக்காக அவருடைய வழக்கறிஞரே சமரசத்தில் கையெழுத்திடலாமா என்ற கேள்விக்கு, முறையான அதிகாரம் பெற்ற வழக்கறிஞர் கையெழுத்திடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1990களின் தொடக்கத்தில் கூறியது. பின்னர், 2015இல் ஹிமாலயன் கூட்டுறவுக் குழு வீட்டுவசதிச் சங்க வழக்கில், கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் அவருடைய சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்கும் சலுகை எதையும் வழக்கறிஞர் செய்யக்கூடாது என்று வலியுறுத்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு வழி தெரியும். அச்சுப் படிவத்தில் உள்ள சமரசம், பணம் பெறுதல் ஆகிய வரிகளை அடித்துவிட்டு அருகில் சுருக்கொப்பம் இட உங்களுக்கு உரிமை உண்டு. அல்லது, "கட்சிக்காரரின் கையெழுத்து இன்றிச் சமரசம் செய்யலாகாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். வரப்பு ஓரம் பேசித் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு சித்தப்பாவோடு எப்போதும் இருக்கும், மக்கள் நீதிமன்றத்திலும் அது முடியலாம். மக்கள் நீதிமன்றத்தின் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், அந்த மேசையில் உங்கள் மூவரின் கையெழுத்தும் உங்கள் கையாலேயே விழ வேண்டும்.

இனி அம்மா. கைநாட்டு வைப்பவர் வக்காலத்துக் கொடுக்கலாம். எந்தத் தடையும் இல்லை. இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ரேகையின் பக்கத்தில் அது யாருடையது என்று எழுத வேண்டும், வக்காலத்தில் உள்ளதைத் தமிழில் படித்துக் காட்டி விளக்கியதாகவும், அவர் புரிந்துகொண்டு தம் முன்னிலையில் ரேகை வைத்ததாகவும் ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். சான்றொப்பம் இடுபவர் வக்காலத்தை ஏற்கும் அதே வழக்கறிஞராக இல்லாமல் வேறொரு வழக்கறிஞராகவோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியாகவோ இருப்பதே இங்குள்ள வழக்கம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், வீட்டில் ரேகையை வாங்கிக்கொண்டு வந்து, நீதிமன்றத் தாழ்வாரத்தில் எதிர்ப்படும் ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு அதைக் கேள்வி கேட்காதவரை ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்கு, "அண்ணிக்கு இந்த வழக்கே தெரியாது, மகன் ரேகை உருட்டிவிட்டான்" என்று சித்தப்பா தரப்பு சொன்னால் அந்தச் சான்றொப்பம் தாங்காது. மங்கலாகத் தேய்ந்த ரேகையை நானே பல முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். வயலில் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருப்பது இயல்பு, அதனால் மையை மெல்லத் தடவி, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே முறை உருட்ட வேண்டும். அழுத்தினால் கறுப்புப் புள்ளிதான் கிடைக்கும்.

அக்காவின் கையெழுத்தை நீங்கள் போடலாமா என்றால், கூடாது. தம்பிதானே, வீட்டு விஷயம்தானே என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய்க் கையெழுத்து, குற்றம், வழக்கையே கெடுக்கும். அக்காவுக்கு இரண்டு வழிகள் உள்ளன. நிரப்பிய வக்காலத்தைத் தபாலில் அனுப்பி, அவர் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டுச் சான்றொப்பம் பெற்று மூலத்தைத் திருப்பி அனுப்பலாம். ஒரே ஒரு வழக்கு, ஒரே ஒரு கையெழுத்து என்றால் இதுதான் எளியது. இல்லையென்றால், இந்த வழக்கை நடத்துவதற்கு மட்டும் என்று வரையறுத்து, உங்களுக்குத் தனிப் பவர் பத்திரம் ஒன்றைத் தூதரகத்தில் எழுதிக் கொடுக்கலாம். அப்படி வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். நம் பக்கத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதைச் செய்வார்கள். அதன் பிறகு, உங்களைப் பவர் ஏஜென்டாக ஏற்றுக்கொள்ளக் கோரும் ஒரு சிறு மனுவோடு, அக்காவுக்காக நீங்கள் வக்காலத்தில் கையெழுத்திடலாம். அப்போதும் அவர் பெயரை எழுதக்கூடாது. "இரண்டாம் பிரதிவாதிக்காக அவருடைய பவர் ஏஜென்ட்" என்று குறிப்பிட்டு உங்கள் கையெழுத்தைத்தான் இட வேண்டும்.

வக்காலத்தையும் பவர் பத்திரத்தையும் ஒன்றென்று நினைக்கும் குழப்பம் பலருக்கு உண்டு, உங்கள் கேள்வியிலும் அது தெரிகிறது. பவர் ஏஜென்ட் உங்கள் இடத்தில் நிற்பவர். வழக்கறிஞரை நியமிக்கலாம், மனுக்களில் கையெழுத்திடலாம். ஆனால் நீதிபதி முன் எழுந்து வாதிடும் உரிமை அவருக்கு இல்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தனியாக அனுமதித்தால் மட்டுமே பேசலாம் என்று டி.சி. மத்தாய் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதேபோல், அக்காவுக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயங்களுக்கு அவருடைய இடத்தில் நின்று நீங்கள் சாட்சி சொல்லவும் முடியாது; இது 2004ஆம் ஆண்டின் இறுதியில் ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் முடிவான சட்டம். சாட்சி விசாரணை வரும்போது அக்காவே வர வேண்டியிருக்கலாம், அல்லது காணொலி வழியாகச் சாட்சியம் அளிக்க அனுமதி கேட்கலாம்.

இங்கே அவசரப்படாமல் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. அக்காவுக்குச் சம்மன் சேர்ந்ததா? உங்கள் வீட்டுக்கு வந்த மூன்று சம்மன்களையும் நீங்களே வாங்கி வைத்திருக்கிறீர்களா? அவருக்குச் சம்மன் முறையாகச் சார்வாகாத நிலையில் அவருக்காக வக்காலத்துத் தாக்கலாகிவிட்டால், எனக்கு வழக்கே தெரியாது என்று பின்னொரு நாள் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருக்காது. அதோடு, அம்மா, அக்கா, நீங்கள் மூவரும் ஒரே வக்காலத்தில் ஒரே வழக்கறிஞரை நியமிக்கலாமா என்பது மூவரின் நிலையும் ஒன்றா என்பதைப் பொறுத்தது. பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதியும் தன் பாகத்தைக் கேட்கலாம். தந்தையின் நிலத்தில் அக்காவின் பங்கை நீங்கள் ஒப்புக்கொள்வதாக இருந்தால் ஒரே வக்காலத்துப் போதும். "அவளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்ற எண்ணம் உங்கள் மனத்தில் ஒரு மூலையில் இருந்தால், அவருக்குத் தனி வழக்கறிஞர் இருப்பதே முறை. ஒருவரே இருவருக்கும் நின்று நடுவில் ஒருவரைக் கைவிடுவதைவிட அது நல்லது.

காலக்கெடுவையும் சொல்லிவிட வேண்டும். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிர்வாதவுரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணங்களைப் பதிந்து 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். முதல் வாய்தாவில் செய்ய வேண்டியது வக்காலத்தைத் தாக்கல் செய்து அவகாசம் கேட்பதே. அக்காவின் தாள் சிங்கப்பூரிலிருந்து வரவில்லை என்பதற்காக உங்களுடையதையும் அம்மாவுடையதையும் தள்ளிப்போட வேண்டாம். தனித்தனி வக்காலத்தாகத் தாக்கல் செய்யலாம். தாக்கலான வக்காலத்தில் குறை இருந்தால் பதறத் தேவையில்லை. உதய் சங்கர் திரியார் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், வக்காலத்தின் குறைகள் திருத்தக்கூடியவை, அவற்றைச் சரிசெய்ய வாய்ப்புத் தராமல் ஒரு கட்சிக்காரரின் உரிமையைப் பறிக்கக்கூடாது என்று கூறியது. அந்தத் தீர்ப்பில், இவ்வளவு முக்கியமான ஆவணத்தைத் தாக்கல் செய்வோரும் அலுவலகமும் அலட்சியமாகக் கையாளுகிறார்கள் என்ற கண்டிப்பும் உண்டு. கையெழுத்திட்டவர் யார் என்று தெரியாத கிறுக்கல், வழக்கறிஞர் ஏற்றதற்கான ஒப்பம் இல்லாமை, முகவரி இல்லாமை, பலரில் சிலர் மட்டும் கையெழுத்திடுவது என்று அது அடுக்கிய குறைகளைப் படித்தபோது எங்கள் பிரிவின் திருப்பி அனுப்பும் பதிவேட்டையே படிப்பதுபோல இருந்தது.

வக்கீலை மாற்ற முடியுமா என்றால், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் கொடுத்த அதிகாரத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். அதற்கு முறை உண்டு. முதலில் இருந்த வழக்கறிஞரிடம் ஆட்சேபனை இல்லை என்று ஒப்பம் வாங்கி, அதோடு புதிய வழக்கறிஞரின் வக்காலத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளின்படி, ஏற்கெனவே ஒருவர் வக்காலத்துப் போட்டுள்ள வழக்கில் அவருடைய சம்மதம் இல்லாமல் இன்னொருவர் நுழையக்கூடாது. சம்மதம் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியோடு ஆஜராகலாம். பெரும்பாலும் தகராறு கட்டண பாக்கியில்தான் வரும். பாக்கிக்காகக் கோப்பை மறித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது; பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்கலாம், உங்கள் பட்டாவையும் பத்திரங்களையும் கொடுத்தே ஆக வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பது வக்காலத்தில் எழுதப்படுவதில்லை. அதனால் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று முன்பே பேசி, கொடுக்கும்போதெல்லாம் ரசீது வாங்குங்கள். "ஜெயித்தால் ஒரு மா எனக்கு" என்ற வகைப் பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கின் பலனில் பங்கு பேசுவது வழக்கறிஞர் நடத்தை விதிகளில் தடை செய்யப்பட்டது. கட்டணம் கட்ட வசதி இல்லை என்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்கீழ்ப் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உங்கள் அம்மா அந்த உரிமையைப் பயன்படுத்தலாம். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள்.

வழக்கறிஞரே விலகுவதும் நடக்கும். அவர் உங்களுக்குப் போதிய முன்னறிவிப்புத் தந்து, நீதிமன்ற அனுமதியோடுதான் விலக முடியும். "கட்சிக்காரரிடமிருந்து அறிவுறுத்தல் இல்லை" என்று அவர் திடீரென்று சொல்லிவிட்டால், நீதிமன்றம் கட்சிக்காரருக்கு நேரடியாக அறிவிப்பு அனுப்புவதே சரி என்று மல்கியத் சிங் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த அறிவிப்பு உங்கள் கையில் சேர வேண்டுமானால், கோப்பில் உள்ள முகவரி சரியாக இருக்க வேண்டும். வழக்கு எப்படிப் போகிறது என்பதை வழக்கறிஞரிடம் மட்டுமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காலமும் இப்போது இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு, இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். வழக்கறிஞரின் சேவையில் குறை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அந்த வழி 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அடைக்கப்பட்டுவிட்டது. தொழில்முறைத் தவறு பற்றிய புகார் மாநில வழக்கறிஞர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பாகப்பிரிவினை வழக்குகள் நம் பக்கத்தில் நீளமானவை என்பதால் மரணத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. கட்சிக்காரர் இறந்தால் அவர் கொடுத்த வக்காலத்து அன்றோடு முடிகிறது. இறந்த செய்தியை வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் கடமை மட்டும் தொடர்கிறது. 90 நாட்களுக்குள் வாரிசுகள் வழக்கில் சேர்க்கப்பட வேண்டும். அந்த வாரிசுகள் ஒவ்வொருவரும் புதிதாக வக்காலத்துக் கொடுக்க வேண்டும். ஆறு பேர் கையெழுத்திட்ட வக்காலத்தில் இரண்டு பேர் இறந்துபோயிருக்க, ஊரில் எல்லோரும் அறிந்த அந்தச் செய்தி கோப்புக்கு வராமலேயே நாலைந்து வருடங்கள் வாய்தா ஓடியதைப் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் இறந்தாலும் அப்படியே. கூட்டு வக்காலத்தாக இரண்டு மூன்று பேர் பெயர் இருந்தால் மற்றவர் தொடரலாம் என்பதற்காகவே இளைய வழக்கறிஞரின் பெயரையும் சேர்த்து எழுதுவது வழக்கம்.

மேல்முறையீடு என்று வந்தால், சட்டத்தின் விளக்கப்படி மேல்முறையீடும் அதே வழக்கின் தொடர்ச்சியாகவே கருதப்பட்டாலும், அந்த நீதிமன்றத்துக்குப் புதிய வக்காலத்துக் கொடுப்பதுதான் நடைமுறை. உயர் நீதிமன்றம் வரை போனால் உங்கள் வழக்கு மதுரைக்குப் போகும். 2004 ஜூலை 24 அன்று தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லையில் தஞ்சாவூர் மாவட்டம் இருக்கிறது, திருவாரூரும் நாகப்பட்டினமும் இல்லை. கும்பகோணத்துக்காரர் மதுரைக்கும், பேருந்தில் அரை மணி தூரத்தில் உள்ள வலங்கைமான்காரர் சென்னைக்கும் வக்காலத்து அனுப்புகிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் அட்வகேட் ஆன் ரெக்கார்டு என்று தேர்வெழுதித் தகுதி பெற்றவர் மட்டுமே வக்காலத்துத் தாக்கல் செய்ய முடியும்.

சித்தப்பா காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே விசாரணைக்குக் கூப்பிட்டால் போவதற்கு வக்காலத்து எதுவும் தேவையில்லை. அந்தத் தாள் நீதிமன்றத்துக்கு உரியது. இந்த இரண்டையும் கலந்து, காவல் நிலையத்துக்கென்று யாரும் உங்களிடம் வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டால் காரணம் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். வாய்தாவுக்கு முந்தைய நாள் அல்ல, அதற்கு நாலைந்து நாள் முன்பே, வெயில் ஏறுவதற்குள் அம்மாவை அழைத்துக்கொண்டு கும்பகோணம் போய்விடுங்கள். சம்மனோடு வந்த வழக்குரை நகலையும் பட்டா, சிட்டா, தந்தையின் இறப்புச் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். வக்காலத்தை நிரப்பச் சொல்லி, சான்றொப்பம் இடுபவர் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டட்டும். அதில் அம்மா ஏதாவது கேட்டால், அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகு மை டப்பாவைத் திறக்கலாம்.